‘ஊர்’ எந்த ஊர்ச் சொல்?

கேள்வி இதுதான். கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளை ஒருவர் பாலக்காட்டில் விடுதியில் தங்கிப் படிக்கிறார். மலையாளத் தோழனிடம் “உன் ஊர் எது?” என்று கேட்டதற்கு, “ஊர் என்றால் எங்களுக்கு ஆதிவாசிக் குடியிருப்பு, ‘நாடு எவிடெ’ என்று கேள்” என்று சிரிப்போடு பதில் வந்திருக்கிறது. அதே அறையில் இருக்கும் ஆந்திரத்துச் சித்தூர்ப் பையன், “ஊரு எங்கள் தெலுங்குச் சொல்” என்று குறுக்கே விழுந்திருக்கிறான். போதாததற்கு, ஈராக்கில் தோண்டி எடுத்த ‘ஊர்’ என்ற பழைய நகரமே தமிழன் வைத்த பெயர்தான் என்று செல்போனில் ஒரு காணொலி. இதில் யார் சொல்வது சரி, வேறு மொழிகளில் இந்தச் சொல் இருக்கிறதா, இருந்தால் என்ன பொருள் என்று கேட்கிறார்.

தம்பி, உங்கள் தோழர்கள் இருவர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. காணொலிதான் நிற்காது. நானும் உங்கள் பக்கத்துக்காரன்தான். நூல் வியாபாரக் கணக்கு எழுதுவதற்காக நகரி, புத்தூர் பக்கம் சில வருடம் இருந்தேன். அதனால் இந்த ஒரு சொல் மூன்று மொழியிலும் படுத்தும் பாடு எனக்குப் பழக்கம்.

முதலில் யாருடைய சொல் என்பது. தமிழில் ஊர், மலையாளத்தில் ஊர், தெலுங்கில் ஊரு, கன்னடத்திலும் துளுவிலும் ஊரு. பேசும்போது நாமும் ஊரு என்றுதான் சொல்கிறோம். இதை ஒருவர் மற்றவரிடமிருந்து கடன் வாங்கவில்லை. எல்லா மொழிகளும் பிரிவதற்கு முன் இருந்த தாய்மொழியிலிருந்து பங்கு பிரித்துக்கொண்ட சொத்து. திராவிட மொழிகளின் சொற்களை ஒப்பிட்டு பரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்ட அகராதியில் இவை எல்லாம் ஒரே பதிவின் கீழ்தான் வருகின்றன.

ஆனால் ‘ஒரே மாதிரி ஒலிக்கிறது, அதனால் ஒரே சொல்’ என்று அவர்கள் முடிவு கட்டவில்லை. அந்தத் தப்பைத்தான் காணொலிக்காரர் செய்கிறார். உறவுக்குச் சாட்சி வேறு இடத்தில் இருக்கிறது. நாம் ‘ஊர் பேர் தெரியாதவன்’ என்கிறோம். தெலுங்கில் ‘ஊரு பேரு லேனிவாடு’. மலையாளத்தில் ‘ஊரும் பேரும் அறியாத்தவன்’. ஊர் மட்டும் ஒத்துப்போகவில்லை, பக்கத்தில் நிற்கும் பேரும் ஒத்துப்போகிறது, இரண்டையும் சேர்த்துக் கட்டும் பழக்கமும் ஒத்துப்போகிறது. கன்னடத்துக்குப் போனால் பேர் ‘ஹெசரு’ ஆகிவிடும். உறவு அறுந்துவிட்டதா? இல்லை. நம் பகரம் அங்கே ஹகரம் ஆவது ஒழுங்காக நடக்கிற காரியம்: பால் ஹாலு, பல் ஹல்லு, பத்து ஹத்து. மாற்றம்கூட விதிப்படி நடந்தால் அதுவே உறவுக்குச் சான்று.

இந்த விதியை வைத்து ஓர் ஊர்ப் பெயரைப் பாருங்கள். ஓசூர் என்பது ‘ஹொச ஊரு’, புதிய ஊர். ஹொச பழங்கன்னடத்தில் ‘பொச’. நம் ‘புது’வின் உறவு. தெலுங்கில் புதியதுக்குக் ‘கொத்த’ என்பார்கள், ஆகவே அங்கே கொத்தூருகள். தமிழில் புதூரும் புத்தூரும். எல்லையைச் சுற்றி ஒரே பெயரை மூன்று மொழியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். (எல்லாப் புத்தூரும் புதிய ஊர் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். புற்றை வைத்துப் பெயர்க் கதை சொல்லும் புத்தூர்களும் உண்டு.)

சித்தூர் இன்னும் வேடிக்கை. உங்கள் தாலுகாத் தலைமையிடமும் சித்தூர், அந்தப் பையனின் மாவட்டமும் சித்தூர். இரண்டுமே சிற்றூர், சின்ன ஊர். ஒன்று கொச்சி ராஜ்யத்தில் இருந்தது, மற்றது 1911இல் மாவட்டத் தலைநகர் ஆனது. பெயரில் மட்டும் இன்னும் இரண்டும் சின்ன ஊர்தான். மலையாளத்தில் ‘சிற்றூர்’ என்று றகரத்தை விடாமல் எழுதுகிறார்கள். தெலுங்கில் ‘சித்தூரு’. தமிழில் நாம் இலக்கணப்படி சிற்றூர் என்று படித்துவிட்டுப் பஸ் ஏறும்போது சித்தூர் என்கிறோம்.

இனி உங்கள் மலையாளத் தோழர். பழைய மலையாளத்தில் ஊருக்கு நம் பொருள்தான். கண்ணூர், குருவாயூர், கொடுங்ஙல்லூர், நிலம்பூர் எல்லாம் இருக்கின்றனவே. திருச்சூரே ‘திருச்சிவப்பேரூர்’ தேய்ந்து வந்த பெயர். ஆனால் இன்றைய பேச்சில் சொந்த ஊருக்கு அவர்கள் ‘நாடு’ என்கிறார்கள். “நாட்டில் போகுந்நு” என்றால் ஊருக்குப் போகிறேன் என்று அர்த்தம். நமக்கு நாடு என்றால் தேசம். சென்னைக்கு வேலைக்கு வந்த புதிதில் ஒரு மலையாளி “நான் நாட்டுக்குப் போறேன்” என்று லீவு கேட்டால் மேலாளர் பாஸ்போர்ட் வேலையோ என்று நினைப்பார்.

சரி, நாடு நடுவிடத்தைப் பிடித்துக்கொண்டது. ஊர் எங்கே போயிற்று? இரண்டு ஓரங்களுக்குப் போயிற்று. ஒரு ஓரம் கோயில். கேரளத்தில் பரம்பரையாகக் கோயிலை நிர்வகிக்கும் உரிமை உள்ள குடும்பத்தாருக்கு ‘ஊராளர்’ என்று பெயர், அந்த உரிமை ‘ஊராய்மை’. நம் சொல்லில் ஊராண்மை. பெரும்பாலும் மேல்சாதிக் குடும்பங்கள். மறு ஓரம் மலை. அட்டப்பாடியில் இருளர், முடுகர், குறும்பர் வாழும் குடியிருப்புகள்தான் ‘ஊர்’. ஏறக்குறைய 190 ஊர்கள். அதன் தலைவர் ‘ஊரு மூப்பன்’. அரசாங்கமே பழங்குடிகளுக்கு நடத்தும் கிராமசபைக்கு ‘ஊருக்கூட்டம்’ என்று பெயர் வைத்திருக்கிறது. மலையாளத்தில் ‘ஊருவிலக்கு’ என்றால் நம் ‘ஊர்விலக்கம்’தான், சாதிக் கட்டுப்பாடு போட்டு ஒதுக்கி வைப்பது. ஆக, ஒரே சொல் கோயில் மேல்படியிலும் காட்டு ஓரத்திலும் நிற்கிறது. நடுவில் இருப்பவர்களுக்கு அது தேவைப்படவில்லை.

தமிழில் இது தலைகீழ். சங்க இலக்கியத்தில் ஊர் என்பது மருத நிலத்துக் குடியிருப்பு; நெல் விளையும் இடம். குறிஞ்சியில் சிறுகுடி, முல்லையில் பாடி, நெய்தலில் பாக்கமும் பட்டினமும், மருதத்தில்தான் ஊர், பேரூர், மூதூர். அந்த நிலத்துத் தலைவனுக்குப் பெயரே ஊரன். வயலும் நீரும் உள்ளவர்களின் சொல். பிற்காலச் சோழர் கல்வெட்டுகளில் ஊர் என்பது நிலம் வைத்திருந்த வேளாண் குடிகளின் சபைக்கே பெயர் ஆனது. பிராமண ஊர்களில் சபை, வணிகர் இடங்களில் நகரம், மற்ற இடங்களில் ஊர். ‘ஊரோம்’ என்று அவர்கள் கையெழுத்துப் போடுவார்கள். ‘ஊராராகிய நாங்கள்’ என்பதை மூன்றெழுத்தில் முடித்திருக்கிறார்கள். அந்த ‘நாங்க’ளில் யார் சேர்த்தி இல்லை என்பதும் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். நம்முடைய ஊர் என்ற சொல்லுக்கு வெளியே சேரி என்று ஒன்று இருந்தது, இருக்கிறது. மருதத்துப் பணக்காரச் சொல், வாளையார் தாண்டி மலையேறியதும் ஆதிவாசியின் சொல் ஆகிவிடுகிறது. உங்கள் தோழர் சிரித்ததற்கு மொழியியல் காரணம் கொஞ்சம்தான்; மிச்சம் வேறு காரணம், அதை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு சமீபத்திய செய்தியும் இருக்கிறது. 2024 ஜூனில், கேரளத்தின் பட்டியல் சாதி, பழங்குடி நலத்துறை அமைச்சராக இருந்த கே. ராதாகிருஷ்ணன் பதவி விலகும் நாளில் ஓர் உத்தரவில் கையெழுத்திட்டார். பட்டியல் சாதி, பழங்குடிக் குடியிருப்புகளுக்கு வழங்கும் காலனி, சங்கேதம், ஊர் என்ற பெயர்கள் அங்கே வாழ்பவர்களுக்கு இழிவாகப் படுகின்றன, அவற்றுக்குப் பதில் நகர், உன்னதி, பிரகிருதி போன்ற பெயர்களைப் பயன்படுத்தலாம் என்றது அந்த உத்தரவு. அவர் பதவி விலகியது நாடாளுமன்றத்துக்குத் தேர்வானதால். எந்தத் தொகுதி தெரியுமா? ஆலத்தூர். பெயருக்குள் ஊர் இருந்தால் யாருக்கும் உறுத்துவதில்லை, தனியாக நின்றால் உறுத்துகிறது. காலனி என்ற சொல்லை எடுத்தது நல்லது என்றே நினைக்கிறேன். ஊரை அதோடு சேர்த்து எடுத்ததில் எனக்கு மனம் ஒப்பவில்லை; அது வெளியிலிருந்து ஒட்டிய பெயர் அல்ல, அவர்கள் மொழியிலேயே இருந்த சொல். ஆனால் அந்த முகவரியைப் படிவத்தில் எழுதி அவமானப்பட்டவன் நான் இல்லை, அதனால் இதற்கு மேல் பேச எனக்கு உரிமை குறைவு.

மலையாளத்தில் இன்னொரு ‘ஊரு’ம் உண்டு, அது வினைச்சொல். ‘ஊருக’ என்றால் கழற்றுவது. “செருப்பு ஊரி வெக்கு” என்பார்கள். பொருளில் நம் ‘உருவு’க்குப் பக்கம். குருவாயூருக்குப் புதிதாகப் போகும் நம் ஆட்களிடம் “ஷர்ட்டு ஊரணம்” என்று வாசலில் சொல்லும்போது எந்த ஊர் என்று விழிப்பவர்கள் இருக்கிறார்கள். குருவாயூரில் ஊரும் இருக்கிறது, ஊரவும் சொல்கிறார்கள்.

இனி தெலுங்கு. நகரி, புத்தூர் பக்கம் தமிழும் தெலுங்கும் ஒரே டீக்கடை பெஞ்சில் உட்காரும். அங்கே இந்தச் சொல் தருகிற குழப்பத்துக்கு அளவே இல்லை. “ஏமி இலா வச்சாரு?” என்று கேட்டால், “ஊரிகே வச்சானு” என்று பதில் வரும். தமிழ்க் காதில் ‘ஊருக்கே வந்தேன்’ என்று விழும். அவர் சொன்னது ‘சும்மா வந்தேன்’. இதற்கும் ஊருக்கும் சம்பந்தமே இல்லை. ‘ஊரக’ என்று ஒரு பழைய தெலுங்குச் சொல், வேலையில்லாமல், காரணமில்லாமல், பேசாமல் என்று பொருள். போத்தனாவின் பாகவதத்தில் ‘ஊரக ராரு மகாத்முலு’ என்று வரும். பெரியவர்கள் சும்மா வர மாட்டார்கள் என்பது. இன்று அதே சொல் நகைக்கடை விளம்பரத்தில் ‘டப்புலு எவரிகீ ஊரிகே ராவு’ என்று ஓடுகிறது. பணம் யாருக்கும் சும்மா வராதாம். அழுகிற குழந்தையிடம் “ஊருகோ, ஊருகோ” என்றால் ‘ஊருக்குப் போகலாமா’ என்று கேட்கவில்லை, ‘போதும், அழாதே’ என்று தேற்றுகிறார்கள்.

மூன்றாவது ஒரு தெலுங்கு ‘ஊரு’ இருக்கிறது, அது நம் ‘ஊறு’. தமிழிலும் மலையாளத்திலும் ரகரமும் றகரமும் வேறு வேறு எழுத்து. தெலுங்கிலும் முன்பு இருந்தது. ஊறுவதை ‘ஊறு’ என்று றகரம் போட்டுத்தான் எழுதினார்கள். பிறகு அந்த எழுத்து வழக்கொழிந்து, எல்லாம் ஒரே ர ஆனது. ஊர் வேறு, ஊறல் வேறு என்ற வித்தியாசம் எழுத்தில் போய்விட்டது. அதனால்தான் ஊறுகாய் அங்கே ‘ஊரகாய’. தெரியாதவர் படித்தால் ஊர்க்காய். ‘நோரூரு’ என்று எங்காவது பார்த்தால் நெல்லூர் பக்கத்து ஊர் என்று தேடாதீர்கள். வாயில் எச்சில் ஊறுவதைச் சொல்கிறார்கள்.

நெல்லூர் என்றதும் நினைவுக்கு வருகிறது. அதை நெல் விளையும் ஊர் என்பவர்களும் உண்டு, நெல்லி மரத்தடியில் சிவலிங்கம் கிடைத்த ஊர் என்பவர்களும் உண்டு. இன்றைய தெலுங்கில் நெல்லுக்கு வட்லு, நெல்லிக்கு உசிரி. இரண்டு கதையில் எது சரியானாலும் அந்தப் பெயரின் முன்பாதி தமிழ்க் காதுக்குத்தான் சட்டென்று பிடிபடுகிறது. இதை வைத்துக்கொண்டு ‘நெல்லூர் எங்களுது’ என்று கிளம்புவதில் அர்த்தமில்லை. எல்லைப்புறத்து ஊர்ப் பெயர்கள் அப்படித்தான் இருக்கும்.

எல்லை என்றால் அதற்கும் ஊருக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 1956இல் மாநிலங்களைப் பிரித்தபோது பெரும்பாலும் தாலுகாவை அலகாக வைத்தார்கள். தேவிகுளம், பீர்மேடு சண்டை எல்லாம் அதனால்தான். ஆந்திர எல்லையில் பட்டாஸ்கர் தீர்ப்பில் கிராமத்தை அலகாக வைத்தார்கள். எந்த ஊரில் எந்த மொழிக்காரர் அதிகம், அது எந்தப் பக்கத்தோடு ஒட்டி இருக்கிறது என்று ஊர் ஊராகப் பார்த்தார்கள். 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி இந்தப் பக்கம் வந்தது, சத்தியவேடு அந்தப் பக்கம் போனது.

பழமொழி ஒன்று சொல்கிறேன், இது எனக்கு மிகவும் பிடித்தது. தள்ளாத வயதைப் பற்றி நாம் ‘வீடு போ போ என்கிறது, காடு வா வா என்கிறது’ என்போம். தெலுங்கில் ‘ஊரு பொம்மண்டோந்தி, காடு ரம்மண்டோந்தி’. காடு அங்கும் சுடுகாடுதான். வீட்டின் இடத்தில் மட்டும் ஊர். ஏன் வீடு இல்லை? தெலுங்கில் இன்று ‘வீடு’ என்றால் ‘இவன்’. ‘இவன் போ என்கிறான்’ என்று ஆகிவிடும்!

கன்னடத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அங்கே ஊரு என்றால் ஊர்; இன்னொரு ஊரு, நடுவது, ஊன்றுவது. ‘பேரூரு’ என்றால் வேர் ஊன்று. நம் பேரூர் என்று நினைத்தால் போச்சு.

அப்புறம், வடமொழியில் ‘ஊரு’ என்றால் தொடை. பாசன் எழுதிய நாடகம் ஒன்றுக்கு ‘ஊருபங்கம்’ என்று பெயர். பீமன் கதாயுதத்தால் துரியோதனன் தொடையைப் பிளந்த கதை. பாலக்காட்டு வைத்தியசாலைகளில் ‘ஊருஸ்தம்பம்’ என்று ஒரு நோயின் பெயர் காதில் விழும். தொடை மரத்துப் போவது. ஊரே ஸ்தம்பித்ததாக எண்ண வேண்டாம்.

தமிழுக்குள்ளேயே இரண்டாவது ஊர் இருப்பதை நாம் கவனிப்பதில்லை. பாம்பு ஊர்கிறது, எறும்பு ஊர்கிறது, ஊர்தி, ஊர்வன. ‘சிவிகை பொறுத்தானோடு ஊர்ந்தான் இடை’ என்று 37ஆவது குறளில் வருகிற ஊர்ந்தான், தவழ்ந்தவன் அல்ல, பல்லக்கில் ஏறிப் போகிறவன். தரையோடு நகர்வதற்கும் அடுத்தவன் தோளில் நகர்வதற்கும் ஒரே வினை. மலையாளத்திலும் ‘ஊர்ந்நு வீணு’ என்றால் நழுவி விழுந்தது. ஊர்வலம் என்பதில் இருப்பது முதல் ஊர், ஊரை வலம் வருவது. ஆனால் மெல்ல ஊர்ந்து போவதால் ஊர்வலம் என்று நினைத்துக்கொள்பவர்கள் அதிகம். பழைய காலத்து மக்கள் ஊர்ந்து வந்து தங்கிய இடமே ஊர் என்று ஒரு விளக்கம் மேடைகளில் சொல்லப்படும். கேட்க அழகாக இருக்கிறது. அகராதிக்காரர்கள் இரண்டையும் தனித்தனிப் பதிவாகத்தான் வைத்திருக்கிறார்கள், எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

தூரத்து மொழிகளுக்கு வருகிறேன். ஹங்கேரிய மொழியில் நம்மைப் போலவே நீட்டி ‘ஊர்’ என்பார்கள், பொருள் ஐயா, எஜமான். கோவாச் என்பவரை மரியாதையாகக் ‘கோவாச் ஊர்’ என்று கூப்பிடுவார்கள். ஸ்காட்லாந்துக் கேலிக்கில் ஊர் என்றால் புதிய. அவர்கள் புத்தாண்டு வாழ்த்து ஊர் என்றுதான் முடியும். புத்தூரை அவர்களிடம் சொன்னால் ‘புதிய புதிய’ என்று பாதி புரிந்துகொள்வார்களோ என்னவோ. பாஸ்க் மொழியில் ‘உர்’ தண்ணீர். துருக்கியில் ‘உர்’ உடம்பில் வரும் கட்டி. ஆர்மேனியத்தில் ‘ஊர்’ என்றால் ‘எங்கே’; “ஊர் எங்கே” என்று அவர்களிடம் கேட்டால் “எங்கே எங்கே” ஆகும். ஜெர்மனில் ஒரு முன்னொட்டு ‘ஊர்’, ஆதி என்று பொருள். தாத்தாவுக்கு முன்னால் அதைப் போட்டால் கொள்ளுத்தாத்தா.

இதில் எதுவும் நமக்கு உறவில்லை. ஓர் உயிரும் ஒரு மெய்யும் சேர்ந்த குட்டிச் சொல் இது. உலகத்தில் உள்ள ஆயிரக்கணக்கான மொழிகளில் மனிதர் வாய் எழுப்பக்கூடிய ஒலிகள் கொஞ்சம்தான், ஆகவே இப்படிப்பட்ட சொல் எங்காவது மோதிக்கொண்டே இருக்கும். தண்ணீர் இருந்தால்தானே ஊர், ஆகவே பாஸ்க் நமக்குச் சொந்தம் என்று ஒருவர் வாதாடலாம். எஜமான் இருப்பது ஊரில்தானே, ஆகவே ஹங்கேரி சொந்தம் என்று இன்னொருவர் சொல்லலாம். இப்படி இழுத்துக் கட்டினால் துருக்கியரின் கட்டிகூட ஊருக்குள் வந்துவிடும்.

இதற்கு நேர் எதிரான ஒன்றையும் பாருங்கள். ஜெர்மனில் கடிகாரத்துக்கும் மணிக்கும் ‘ஊர்’ என்று ஒரு சொல் இருக்கிறது, முன்சொன்ன ஆதி ஊர் வேறு. இந்தக் கடிகார ஊர் லத்தீன் ‘ஹோரா’விலிருந்து வந்தது. ஆங்கிலத்தின் ‘அவர்’ என்ற மணிநேரமும் அதே. லத்தீனுக்கு அதைக் கொடுத்தது கிரேக்கம். அதே கிரேக்கச் சொல் சோதிடத்தோடு கப்பல் ஏறி இந்தியாவுக்கும் வந்து வடமொழியில் ‘ஹோரா’ ஆயிற்று. அதுதான் நம் பஞ்சாங்கத்து ஓரை. சுக்கிர ஓரை, குரு ஓரை பார்த்து நகை வாங்கப் போகிறோமே, அந்த ஓரைக்கும் ஜெர்மன்காரன் கையில் கட்டியிருக்கும் ‘ஊரு’க்கும் ஒரே பாட்டன். ஒலி ஒத்துப்போகும் ஊர்கள் அந்நியம். ஒத்துப்போகாத ஓரை சொந்தம். சொல் உறவை ஒலியை வைத்து எடை போடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

இப்போது அந்த ஈராக் நகரம். இடத்தின் இன்றைய பெயர் தல் அல் முகையர். 1922 முதல் 1934 வரை லெனார்டு வூலி அங்கே தோண்டினார். பைபிளில் ஆபிரகாமின் சொந்த இடமாகச் சொல்லப்படும் ஊர் இதுதான் என்பதால் உலகமே கவனித்தது. கி.மு. 2100 வாக்கில் அங்கே ஆண்ட அரசன் ஊர்-நம்மு. இந்தப் பெயரைப் பார்த்ததும் ‘நம்ம ஊர்’ என்று காணொலிக்காரர் துள்ளியிருப்பாரே? அங்கேதான் இடறுகிறது. சுமேரிய மொழியில் அந்தப் பெயரில் வரும் ‘ஊர்’ நகரம் அல்ல. ‘ஊர்’ என்ற அந்தச் சொல்லுக்கு நாய் என்று ஒரு பொருள் உண்டு. ஆள் பெயர்களில் வரும்போது அடியவன், வீரன் என்று கொள்கிறார்கள். நம்மு என்பது ஒரு பெண் தெய்வம். அரசன் பெயர் நம்முவின் ஆள் என்பது போல. நகரத்தின் சுமேரியப் பெயரோ ‘ஊரிம்’. அதை ஊர் என்று சுருக்கியது பிற்காலத்தார். நகரம் என்ற பொதுச் சொல் சுமேரியத்தில் ‘உரு’ அல்லது ‘இரி’. நகரத்தின் பெயரை எழுத அவர்கள் அந்தக் குறியைப் பயன்படுத்தவும் இல்லை. நம் ஊர்தான் அங்கே போயிற்று என்றால் அந்த ‘இம்’ எங்கிருந்து முளைத்தது என்று சொல்ல வேண்டும், ஊரோடு பேரும், பேரோடு இன்னும் பத்துச் சொல்லும் விதிப்படி ஒத்துப்போவதைக் காட்ட வேண்டும். இதுவரை யாரும் காட்டவில்லை. சுமேரியம் எந்த மொழிக் குடும்பத்தோடும் சேராத தனி மொழி என்பதுதான் அறிஞர்களின் நிலை.

உறவே இல்லை என்றும் சொல்லவில்லை. அந்த நகரத்து அரச கல்லறைகளில் சிந்துவெளியில் செய்த கார்னீலியன் மணிகள் கிடைத்திருக்கின்றன. வெள்ளைக் கோலம் பொறித்த சிவப்பு மணிகள். வியாபாரம் நடந்தது, அதற்குப் பொருளே சாட்சி. அந்த மணிகளைப் பற்றி ஒரு காணொலி போட்டால் நானே நாலு பேருக்கு அனுப்பி வைப்பேன்.

வடக்கே உள்ள கான்பூர், நாக்பூர், ஜெய்ப்பூர் எல்லாம் ஊரா என்று ஒரு கிளைக் கேள்வி வைத்திருந்தீர்கள். இல்லை. அது ‘புர்’, வடமொழிப் புரம். அதன் உறவு கிரேக்கத்தின் ‘போலிஸ்’. நகரம், கோட்டை என்று பொருள். சிங்கப்பூரும் அப்படித்தான், சிம்மபுரம். நாம் அதை வாய்க்கு வசதியாகச் சிங்கப்பூர் என்று நம் ஊர்களின் வரிசையில் சேர்த்துவிட்டோம். அங்கே போய்க் குடியேறிய தமிழர் எண்ணிக்கையைப் பார்த்தால் அதில் குற்றமும் இல்லை. இந்தோரையும் அந்தப் பக்கத்தவர் இந்திரேசுவரர் கோயிலோடுதான் சேர்த்துச் சொல்கிறார்கள். மங்களூர், நெல்லூர், வேலூர் என்பவற்றை ஆங்கிலேயர் ‘ஓர்’ என்று முடித்து எழுதியதால், ‘ஓர்’ என்று முடிகிற வடநாட்டுப் பெயர் எல்லாம் ஊர் போலத் தெரிகிறது.

பெங்களூரைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வேட்டைக்குப் போய் வழி தவறிய ஹொய்சள அரசன் வீர வல்லாளனுக்கு ஒரு கிழவி வேகவைத்த பயறு கொடுத்தாள், அதனால் ‘பெந்த காளூரு’, அவித்த பயறு ஊர் என்று ஆயிற்று என்பது கதை. அந்த அரசன் 12ஆம் நூற்றாண்டுக்காரன். நகரின் தெற்கே பேகூரில் ஏறக்குறைய கி.பி. 890ஐச் சேர்ந்த நடுகல் ஒன்று இருக்கிறது. கங்கர் காலத்துக் கன்னட எழுத்து. பெங்களூருச் சண்டையில் செத்த ஒருவனைப் பற்றியது. கிழவி பயறு வேகவைப்பதற்கு முந்நூறு வருடம் முன்பே அந்த ஊருக்கு அந்தப் பெயர் இருந்திருக்கிறது.